மஞ்சப்பையின் முழுக் கணக்கு

கேள்வி: பிளாஸ்டிக் பையைவிடத் துணிப்பைதான் சுற்றுச்சூழலுக்கு அதிகக் கேடு என்கிறார் நண்பர். உண்மையா?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: பாதி உண்மை. பருத்திக்குப் பாய்ச்சும் நீர், இடும் உரம், நூற்பாலை மின்சாரம், சாயம், லாரிப் பயணம், கடைசியில் குப்பை என ஒரு பொருளின் முழு ஆயுளையும் கணக்கிடும் முறையே வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. ஐஎஸ்ஓ 14040 அதற்கான உலகத் தரநிலை. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் 2011ஆம் ஆண்டு ஆய்வின்படி, ஒரே முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையின் புவிவெப்பத் தாக்கத்துக்குக் கீழே இறங்க, துணிப்பையை 131 முறையாவது பயன்படுத்த வேண்டும். மலைக்காதீர்கள், வாரம் மூன்று முறை காய்கறிக்கு எடுத்துச் சென்றால் ஓராண்டுக்குள் அது முடிந்துவிடும். காது அறுந்தால் தைத்துக்கொள்ளலாம். ஆனால் கடைதோறும் புதிதாக வாங்கி அலமாரியில் அடுக்கினால் நண்பர் சொல்வதே சரி.

இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள்: கணக்கின் எல்லை எது? தெருவில் வீசப்படும் பைகளின் கேட்டை அந்த ஆய்வு அளக்கவில்லை. பக்கிங்ஹாம் கால்வாயில் ஆகாயத்தாமரையோடு பின்னிக் கிடந்து, மழைநாளில் நீரோட்டத்தை மறிக்கும் பைகளைத் தினமும் பார்க்கும் நமக்கு, அதை விட்டுவிட்ட கணக்கு முழுக் கணக்கு ஆகாது.