வாதமும் சமரசமும் - ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் வக்கீலாகப் பதிவு செய்து இரண்டு வருடம் ஆகிறது. என் சீனியர் பல வருடங்களாக சிவில் பக்கம் பேர் வாங்கியவர். வாதாடி ஜெயிக்கக்கூடிய வழக்கைக்கூட இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசி முடித்துவிடுகிறார். இதைச் சொன்னபோது நண்பன் ஒருவன், “காந்தியும் கோர்ட்டில் பேச வராமல்தான் சமரசத்துக்குப் போனார்” என்றான். அது உண்மையா?

ஓர் இளம் வழக்கறிஞர்

அன்புள்ள தம்பி,

உங்கள் நண்பர் சொல்வது ஆரம்பத்துக்கு மட்டும் பொருந்தும். பம்பாயில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்த காந்திக்கு ஒரு கேள்விகூட வரவில்லை. 30 ரூபாய் ஃபீஸைத் திருப்பி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். அந்தக் கதை பரவிய அளவுக்கு, அவருடைய 20 வருட வக்கீல் தொழில் நம்மிடம் பேசப்படவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு.

1893-ல் தாதா அப்துல்லா என்ற குஜராத்தி வியாபாரியின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா போனார். எதிராளி தயப் சேட், அப்துல்லாவுக்குச் சொந்தக்காரர். 40,000 பவுண்டு வழக்கு. முழுக்க வியாபாரக் கணக்கு. கணக்கு எழுதும் முறையே காந்திக்குத் தெரியாது. புத்தகம் வாங்கிப் படித்தார். கட்டுக்கட்டாக இருந்த கடிதங்களைப் படித்து மொழிபெயர்த்தார். தன் கட்சிக்காரர் பக்கம் பலமாக இருக்கிறது என்று தெளிந்த பிறகுதான் சமரசப் பேச்சை எடுத்தார். வழக்கு இழுத்தால் வக்கீல் செலவிலேயே இரண்டு பேரும் அழிந்துபோவார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இரண்டு பேரும் ஒரு நடுவரிடம் விட ஒத்துக்கொண்டார்கள். அவர் தீர்ப்பு அப்துல்லா பக்கமே வந்தது. 37,000 பவுண்டும் செலவுத்தொகையும் தயப் சேட் கட்ட வேண்டும். மொத்தமாகக் கட்ட அவரால் முடியாது, கட்டாவிட்டால் திவால். அவர்களைப் போன்ற போர்பந்தர் மேமன் (குஜராத்தி முஸ்லிம்) வியாபாரிகளுக்குச் சாவே அதைவிட மேல். அப்போது காந்தி ஜெயித்த தன் கட்சிக்காரரிடமே போய், நீண்ட தவணைக்கு ஒத்துக்கொள்ளும்படி மன்றாடினார். இரண்டு பேரையும் நடுவரிடம் வரவைத்ததைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். வக்கீலின் உண்மையான வேலையை இங்கேதான் அவர் கற்றார் என்பது என் எண்ணம்.

அப்புறம் நம் பாலசுந்தரம். ஒப்பந்தக் கூலியாகப் போன தமிழர். முதலாளி அடித்ததில் முன்பல் இரண்டு உடைந்து, வாயில் ரத்தத்தோடு காந்தியின் அலுவலகத்துக்கு வந்தார். காந்தி முதலில் டாக்டரிடம் சான்றிதழ் வாங்கினார். பிறகு மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போனார். முதலாளிக்குச் சம்மன் போனது. அதற்கப்புறம்தான் பேச்சு. முதலாளியை ஜெயிலுக்கு அனுப்புவதைவிட, பாலசுந்தரம் அந்த வீட்டுக்குத் திரும்பாமல் இருப்பதுதான் முக்கியம். வேலையை விட்டு ஓடினால் கூலிக்கே தண்டனை என்பது அன்றைய சட்டம். அதனால் ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றித்தர முதலாளியைச் சம்மதிக்கவைத்து, புது முதலாளியையும் தேடிப் பிடித்தார்.

சான்றிதழும் சம்மனும் இல்லாமல் வெறும் கையோடு போயிருந்தால் அந்த முதலாளி பேச உட்கார்ந்திருப்பாரா? உங்கள் சீனியர் சொன்னதும் எதிர்த்தரப்பு இறங்கி வருகிறதென்றால், கோர்ட்டுக்குப் போனால் அவர் என்ன செய்வார் என்று அவர்களுக்குத் தெரிகிறது. அடுத்த பேச்சுவார்த்தைக்கு முதல் நாள் அவர் கேஸ் கட்டை எப்படிப் படிக்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

அன்புடன்.