சுருங்கிய ஊர்

அன்புள்ள ஐயா,

போன மாதம் நெதர்லாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒருநாள் ஸ்டாவொரனிலிருந்து படகேறி எங்க்ஹாய்சன் போனோம். பொம்மை மாதிரி அமைதியான ஊர். ஆனால் அவ்வளவு சின்ன ஊருக்கு எதற்கு இரண்டு பெரிய தேவாலயங்கள், கோட்டை வாசல், துறைமுகக் கோபுரம்? மருமகனுக்கும் தெரியவில்லை. டச்சு ஊர்களைப் பற்றி நீங்கள் எழுதுவதால் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அது சுருங்கிப்போன ஊர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே 20,000 பேருக்கு மேல் இருந்தார்கள், அந்தக் காலத்துக்கு அது நல்ல பெரிய நகரம். எல்லாம் ஹெர்ரிங் மீன் கொடுத்த வாழ்வு. வட கடலில் பிடித்து, உப்பிட்டு, பீப்பாயில் அடைத்து விற்றார்கள். ஊர்ச்சின்னத்திலேயே மூன்று ஹெர்ரிங் மீன்கள் இருப்பதைக் கவனித்தீர்களா? நீங்கள் சொல்லும் கோபுரம் துறைமுகத்தைக் காக்க 1540இல் கட்டத் தொடங்கியது, பெயர் திரொமெடாரிஸ்.

அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனி வந்தது. நம் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை வைத்திருந்த அதே டச்சுக் கம்பெனிதான், அதன் ஆறு கிளைகளில் ஒன்று இந்த ஊரில் இருந்தது. அதற்கும் முன்பே இந்த ஊரில் வளர்ந்த லின்ஸ்கோட்டன் என்பவர் கோவாவில் பேராயரின் செயலாளராக ஐந்து வருடம் இருந்து, போர்ச்சுகீசியர் பொத்திப் பொத்தி வைத்திருந்த கடல்வழிக் குறிப்புகளையெல்லாம் திரட்டி ஊருக்குக் கொண்டுவந்து, 1595இலும் 1596இலும் புத்தகங்களாகவே போட்டுவிட்டார். ஆசியக் கடலில் போர்ச்சுகீசியரின் தனியாட்சி ஆட்டம் கண்டதில் அந்தப் புத்தகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு மீன்பிடி ஊரிலிருந்து இப்படி ஒருவர் வந்தார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

பிறகு துறைமுகம் தூர்ந்தது, வியாபாரம் ஆம்ஸ்டர்டாமுக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டில் சில ஆயிரம் பேர்தான் மிச்சம். காலி வீடுகளை இடித்துச் செங்கல்லை விற்றார்கள், கோட்டைச் சுவருக்கு உள்ளேயே மாடு மேய்ந்தது, பண்ணைகள் வந்தன. அந்தப் பகுதிக்குப் பெயரே 'பூரன்ஹுக்', உழவர் மூலை. பழைய கட்டடங்கள் இத்தனை மிஞ்சியிருப்பதற்கு நான் நினைக்கும் காரணம், இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசு இல்லை என்பதுதான். நீங்கள் பார்த்த அமைதிக்குப் பின்னால் இந்த வறுமை இருக்கிறது.

கடைசி அடி 1932இல். நீங்கள் படகில் கடந்த ஏரி அதுவரை கடல். 32 கிலோமீட்டர் நீள அணை போட்டு அதை அடைத்ததும் உப்புத்தண்ணீர் நன்னீரானது, ஹெர்ரிங்கும் நெத்திலியும் போயின, கரையோர ஊர்களில் எத்தனையோ குடும்பங்கள் வலையை மடித்து வைத்தன. வெள்ளத்திலிருந்து நாட்டைக் காத்த அணை அது, அவசியம்தான், ஆனாலும் அந்த மீனவர்களை நினைத்தால் மனசு கனக்கிறது. கம்பெனி ஒருகாலத்தில் மிளகுக் கிடங்காக வைத்திருந்த 'பேப்பர்ஹாய்ஸ்' கட்டடத்தில்தான் இப்போது அவர்களுடைய படகுகளையும் கருவிகளையும் வைத்திருக்கிறார்கள்.

இன்று மக்கள்தொகை பழைய எண்ணிக்கையை நெருங்கிவிட்டது, சுற்றுவட்டாரத்தில் காய்கறி விதைக் கம்பெனிகள் நிறைய. அடுத்தமுறை போனால் துறைமுகத்தோடு திரும்பிவிடாமல் உழவர் மூலை வழியாக மேற்கே பசு வாசல் வரை நடந்துவிட்டு வாருங்கள், மருமகனையும் கூட்டிக்கொண்டு.