தனியாகப் போய்க் கேட்பது

அன்புள்ள ஐயா,

நான் தக்கலைக்காரி. வெளியூரில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பட்டமேற்படிப்பு இரண்டாமாண்டு படிக்கிறேன். எங்கள் யூனிட் புதிய நோயாளிகளைச் சேர்க்கும் அட்மிஷன் நாட்களில் 36 மணி நேரம் தொடர்ந்து டியூட்டி பார்க்கிறோம். பணிநேரம் குறித்து நிர்வாகத்தோடு பேசுவதற்காக எங்கள் சங்கம் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறது. எங்கள் யூனிட்டின் தலைமை மருத்துவர், எங்கள் சீஃப் நல்லவர். தனியாகப் போய்ச் சொன்னால் எனக்குச் செய்து தருவார். தவிர, நாங்கள் மாணவர்கள்தானே, நோயாளிகளை வைத்துப் பேரம் பேசலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் விடியற்காலை நான்கு மணிக்கு வந்திருக்கிறது. ஒரே வாக்கியத்தை இரண்டு முறை எழுதியிருந்தீர்கள். இங்கே ஒன்றை நீக்கியிருக்கிறேன். அந்தக் கைதான் சற்று முன்பு யாருக்கோ ஊசி மருந்தை அளந்திருக்கும் என்று எண்ணியபோது எனக்கு அச்சமாக இருந்தது. நோயாளிகளைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இதற்கு மேல் விடை வேண்டாம்.

'மாணவர்கள்தானே' என்பது பழைய வாதம். பயிற்சி மருத்துவர்கள் முதன்மையாக மாணவர்களே, ஊழியர்கள் அல்லர் என்று அமெரிக்கத் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் 1976-ல் முடிவு செய்தது. 1999-ல் அதே வாரியம் அதை மாற்றிக்கொண்டு, அவர்கள் ஊழியர்களும்தான் என்றது. இங்கே, மத்திய அரசின் 1992-ஆம் ஆண்டு உறைவிட மருத்துவர் திட்டம், உங்களைப் போலப் படித்துக்கொண்டே பணியாற்றுபவர்களுக்குத் தொடர்ச்சியாக 12 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எண்களைச் சொன்னது. 2023-ஆம் ஆண்டின் பட்டமேற்படிப்பு விதிமுறைகளோ 'நியாயமான பணிநேரம்' என்று சொல்லி நிறுத்திக்கொண்டன. எது நியாயம் என்பதை டியூட்டி பட்டியல் போடுபவர் மட்டுமே தீர்மானித்தால், 36 மணி நேரமும் நியாயம்தான். அந்த இடத்தில் ஓர் எண்ணை எழுத வைப்பதற்குத்தான் உங்கள் சங்கம் கையெழுத்துக் கேட்கிறது.

எனக்குக் கோபம் வந்தது 'சீஃப் நல்லவர்' என்ற வரியில். இருக்கட்டும், நல்லவராகவே இருக்கட்டும்.

என் அம்மா அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவர். தோட்டு எண்ணெய் பட்டு விரல் வெந்துவிடாமலிருக்கச் சாம்பலைப் பூசிக்கொள்வார். ஆனாலும் சோறு பிசையும்போது முகம் சுளிப்பார். உடைத்த பருப்பின் எடைக்குத்தான் கூலி. தராசு குறைத்துக் காட்டுகிறது என்று ஒருநாள் தனியாகப் போய் மேஸ்திரியிடம் சொன்னார். அவரும் நல்லவர்தான். மறுநாள் முதல் அம்மாவின் பருப்புக்கு மட்டும் எடை சரியாக விழுந்தது. அடுத்த பலகையில் இருந்த அக்காவுக்குப் பழைய எடையேதான். இரண்டு வாரம் அம்மா அந்த அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தார். மூன்றாவது வாரம் மேஸ்திரி மாறினார். அம்மாவின் எடையும் பழையபடி குறைந்தது. அதற்குப் பிறகுதான் அந்த வரிசைப் பெண்கள் அனைவரும் சேர்ந்து போய், படிக்கல்லைத் தங்கள் கண்முன் வைத்துத் தராசைச் சரிபார்க்கச் சொன்னார்கள். சரிபார்த்தார்கள். அன்று வீட்டுக்கு வந்த அம்மா, "இனி அவளுக்கும் அதே எடைதான்" என்று பாட்டியிடம் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. தன் கூலி எவ்வளவு கூடியது என்பதைச் சொல்லவே இல்லை.

நீங்கள் தனியாகப் போனால் உங்கள் சீஃப் உங்களை ஓர் இரவு டியூட்டியிலிருந்து விடுவிப்பார். அந்த இரவை யார் பார்ப்பார்? உங்கள் யூனிட்டில் முதலாமாண்டு படிக்கும் பிள்ளைதானே? இதை யோசிக்காமலா மகளே எழுதினீர்கள்?

கடந்த மாத டியூட்டி பட்டியலின் நகலைச் சங்கத்திடம் கொடுத்துக் கையெழுத்திடுங்கள். முதலில் போய் உறங்குங்கள்.