காரின் டெம்பரேச்சர் முள் ஏறினால் முதலில் எதைப் பார்ப்பது?

கே: என் பழைய கார் ஹீட் ஆகிறது. காரணம் என்ன?

ப: எப்போது ஹீட் ஆகிறது? நிற்கும்போதா, ஓடும்போதா, மேடு ஏறும்போதா? இதைக்கூட எழுதாமல் கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

கே: நெரிசலில் நின்றால் முள் ஏறுகிறது. வேகமெடுத்தால் இறங்கிவிடுகிறது.

ப: ரேடியேட்டரைக் குளிர்விக்கும் ஃபேன். ஏசியைப் போட்டுப் பாருங்கள். அப்போது சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது, சந்தேகம் சூடானதும் ஃபேனைத் தானாகப் போடும் சுவிட்ச் மேல். அப்போதும் சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள்.

கே: எனக்கு நேர்மாறு. வேகமாகப் போனால்தான் ஏறுகிறது.

ப: ரேடியேட்டர் உள்ளே அடைப்பு. வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள், உப்பு படிந்திருக்கும். கீழ் ஹோஸையும் பாருங்கள். பழசாகித் தளர்ந்த ஹோஸ், இன்ஜினை முறுக்கினால் உறிஞ்சலில் சப்பிப்போகும்.

கே: வெயில் ஊருக்குத் தேவையில்லை என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார். சரிதானே?

ப: இல்லை. எத்தனை முறை எழுதுவது! தெர்மோஸ்டாட் சூடு ஏற்றும் சாமான் அல்ல, ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் வழியைத் திறந்து மூடும் வால்வு. 80, 85 டிகிரி வரை மூடியிருந்து இன்ஜினைச் சீக்கிரம் பதத்துக்குக் கொண்டுவருகிறது, அப்புறம் திறந்து வழிவிடுகிறது. அதை எடுத்துவிட்டால் இன்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சிலிண்டர் தேயும். சில இன்ஜின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியையும் அடைக்கும். அங்கே கழற்றினால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றும், சூடு இன்னும் கூடும். பழுதான தெர்மோஸ்டாட் என்றால் புதிது போடுங்கள், விலையும் பெரிதல்ல. சந்தேகமா? கழற்றிய பழையதைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிடுங்கள். திறந்தால் குற்றவாளி வேறு யாரோ.

கே: ஹெட்லைட் போட்டதும் முள் குதிக்கிறது.

ப: எர்த், அதாவது மின்சாரம் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பு, சரியில்லை. இன்ஜின் பாவம், அதை விட்டுவிடுங்கள்.

கே: கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீர்) குறைகிறது, ஒழுகல் தெரியவில்லை. சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறந்ததில் கையும் வெந்துவிட்டது.

ப: சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கத்துகிறேன். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். திறந்த நொடியில் பொங்கும். கை ஆறியதும், இன்ஜினும் ஆறியிருக்கும்போது, மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் புகை தண்ணீரில் கலக்காமல் தடுக்கும் அடைப்பு) போயிருக்கலாம். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றும் முன், புகை கலந்தால் நீலத்திலிருந்து மஞ்சளாகும் திரவத்தால் சோதிக்கச் சொல்லுங்கள்.

கே: சிவப்பு வரை ஏறிய முள் தானாகவே இறங்கிவிட்டது. அதனால் வீடு வரை ஓட்டிவந்துவிட்டேன். இனி பயமில்லையே?

ப: தண்ணீர் முழுக்கத் தீர்ந்தாலும் முள் இறங்கும். சென்சாரைத் தொட எதுவும் இல்லையே! ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்கும்வரை சாவியைத் தொடாதீர்கள். ஆறும் வரை மூடியையும்தான்.