ஐந்து கைகள், ஒரு சட்டை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் ஐந்து பேர். இருவர் சுவர்களில் கிராஃபிட்டி எழுதுகிறவர்கள். ஒருவர் பச்சை குத்துகிறவர், ஒருவர் ஜெராக்ஸ் சிற்றிதழ் போடுகிறவர், ஒருவர் ஸ்கேட்போர்டுப் பலகைகளில் வரைகிறவர். சேர்ந்து பத்து டி-ஷர்ட், இரண்டு ஹூடி கொண்ட ஒரு வரிசையை வெளியிட இருக்கிறோம். வருமானத்தை எப்படிப் பிரிப்பது? எந்தத் துணி நல்லது? சுவரில் இலவசமாகக் கொடுத்ததைச் சட்டையில் விற்பது துரோகம் என்று எங்களில் ஒருவரே சொல்கிறார். சரியா? ஸ்கிரீன் அச்சில் எடுத்த மாதிரியின் படங்களை இணைத்துள்ளேன்.

ம.

அன்புள்ள ம.,

துரோகத்தை முதலில் முடித்துவிடுவோம். சுரங்க ரயில் நிலையங்களில் சாக்பீஸால் வரைந்துகொண்டிருந்த கீத் ஹேரிங் 1986இல் நியூயார்க்கில் ‘பாப் ஷாப்’ திறந்து டி-ஷர்ட் விற்றபோதே இந்தச் சண்டை நடந்தாயிற்று. உங்கள் நண்பர் தாமதமாக வந்திருக்கிறார். துணிக்கு, 220 முதல் 240 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) பருத்தி போதும். ஹூடியில் பாலியஸ்டர் கலப்பு வேண்டாம். பாலியஸ்டரின் சாயம் சூட்டில் கிளம்பி, சில நாள் கழித்துக்கூட வெள்ளை அச்சில் ஏறிக் கறைப்படுத்திவிடும்.

இனி அந்தப் படங்கள். பார்த்ததும் கோபம் வந்தது. ஸ்ப்ரே கேனின் அழகே விளிம்பில் சிதறும் தூறல்தான். உங்கள் அச்சில் எழுத்துகள் கத்தரியால் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கின்றன. சுவரைப் புகைப்படம் எடுத்து, கணினியில் ‘டிரேஸ்’ பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள். அந்தப் பொத்தானுக்கு உள்ளே, வெளியே என்ற இரண்டுதான் தெரியும். தூறலைக் குப்பை என்று கூட்டித் தள்ளிவிடும். சர்ஃப் பலகை செய்துகொண்டிருந்த ஷான் ஸ்டுஸ்ஸி தன் பலகையில் மார்க்கரால் போட்ட கையெழுத்து அப்படியே சட்டைக்கு இறங்கியது என்றால், அது ஒரே கனத்த கோடு. ஸ்ப்ரே அப்படி இறங்காது.

புகைப்படத்தையே வைத்துக்கொள்வதென்றால் அதை ஹாஃப்டோன் ஆக்குங்கள், அதாவது நிழலைச் சிறிய, பெரிய புள்ளி வரிசைகளாக உடையுங்கள். அங்குலத்துக்கு 45 புள்ளி வரி, 22.5 பாகைச் சாய்வு, 77டி மெஷ் (ஸ்கிரீனின் வலை, சென்டிமீட்டருக்கு 77 இழை, அங்குலத்துக்குச் சுமார் 195). அங்குலத்துக்குள்ள இழைகள் வரி எண்ணிக்கையைப்போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புள்ளிகள் இழையோடு மோதி, கட்டம் கட்டமாக மொயரே என்கிற அலைக்கோலம் வரும்.

ஆனால் எதற்குப் புகைப்படம்? கேன் கையில் இருக்கிறதே! ஸ்கிரீனில் படம் பதிக்கும் ஃபிலிமையே வரைதளமாக்குங்கள்: மேட் பாலியஸ்டர் ஃபிலிம் வாங்கி அதன்மேலேயே கறுப்பு ஸ்ப்ரே அடியுங்கள். வழவழப்பான ஃபிலிமில் பெயிண்ட் உரிந்துவிடும். கோட்டுக்குக் கிட்டே பிடியுங்கள். தூறலுக்கு முப்பது நாற்பது சென்டிமீட்டர் தள்ளி. காய்ந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். பழுப்பாகத் தெரியும் இடம் ஏமாற்றும். ஒளி அதில் ஊடுருவி, ஸ்கிரீன் வலையில் பூசிய எமல்ஷனை (ஒளி பட்டால் இறுகும் பசை) இறுக்கிவிடும், அச்சில் அந்த இடம் இராது. ஸ்கிரீனுக்குச் சாம்பல் நிறம் கிடையாது. கறுப்புப் புள்ளி உண்டு, வெற்றிடம் உண்டு. நெருக்கமும் விலகலும்தான் சாம்பலாகத் தெரிகிறது.

பெயிண்ட் பக்கம் எமல்ஷனைத் தொட்டு ஒட்ட வேண்டும். எழுத்தைத் திருப்பிப் போட வேண்டியதில்லை. இடையில் துளி இடைவெளி இருந்தாலும் ஒளி ஓரத்தில் நுழைந்து சின்னப் புள்ளிகளை மூடிவிடும். அதிக நேரம் ஒளி காட்டினாலும் அதே கதி. குறைத்துக் காட்டினாலோ கழுவும்போது புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து கரையும். அதனால் ஒரு ஸ்கிரீனைச் சோதனைக்கென்றே பலி கொடுத்து, ஐந்தாறு நேரங்கள் வைத்துப் பாருங்கள். 0.3 மில்லிமீட்டருக்குக் கீழுள்ள புள்ளிகளை நம்பாதீர்கள்.

கறுப்புச் சட்டையில் நிறங்களுக்கு அடியில் ஒரு வெள்ளைப் பூச்சு, அதாவது அடித்தளம், தேவைதான், 43டி அல்லது 61டி மெஷில். ஆனால் தூறலுக்கு அடியில் வெள்ளை போடவே கூடாது. போட்டால் ஒவ்வொரு புள்ளிக்கும் பால் வளையம் முளைக்கும். எழுத்தின் உடலுக்கு மட்டும், விளிம்பிலிருந்து அரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போடுங்கள். தூறல் நேராகத் துணியில் விழுந்து சற்று மங்கும். மங்கட்டும். சொரசொரப்பான சுவரிலும் அப்படித்தானே விழுகிறது? அடித்தளத்தைத் தொட்டால் கையில் ஒட்டாத அளவுக்கு மட்டும் சுட வையுங்கள். முழுதாக வேகவிட்டால் மேலே வரும் நிறம் பிடிக்காமல் உரியும்.

இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் உங்கள் பட்டியல். ஒவ்வொருவருக்கும் இரண்டிரண்டு டி-ஷர்ட், மீதி ஹூடியில் ஐந்து பேரின் முத்திரைகள். இதற்குப் பெயர் கூட்டு முயற்சியா? ஒரே கடைக்கு ஐந்து பேர் சரக்கு போடுவது! கூட்டு என்பது ஒரே சட்டையின் ஃபிலிம்களைப் பங்கு போட்டுக்கொள்வது. ஆளுக்கு ஒரு நிறம், ஒரு ஃபிலிம். அடித்தளத்தோடு ஆறு ஸ்கிரீன், ஆறு நிற இயந்திரத்தில் அடங்கும். பலகை வரைகிறவர் காய்ந்த தூரிகையால் இழுத்த வெளிர்நிறம் முதலில். பிறகு கிராஃபிட்டிக்காரர்களின் இரண்டு நிறங்கள். அதன்மேல் சிற்றிதழ்க்காரரின் ஜெராக்ஸ் புள்ளிகள். டோனர் கருமை போதாது, ஒரே பிரதியை இரண்டாக அடுக்கி ஒட்டச் சொல்லுங்கள். கடைசியில் பச்சை குத்துகிறவரின் கறுப்புக் கோடு. கனத்த கோடாகக் கேளுங்கள். கீழேயுள்ள நிறங்கள் அரை மில்லிமீட்டர் விலகினாலும் அது மூடிவிடும். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எழுதுவது உங்கள் சுவர்களில் தினமும் நடப்பதுதானே, சட்டை என்றதும் ஏன் ஆளுக்கொரு வேலி?

பணத்தைக் கேட்டீர்கள். ஃபிலிம், ஸ்கிரீன், துணி, வீணான மாதிரிகள் எல்லாவற்றையும் கழித்துவிட்டு ஐந்தாகப் பிரியுங்கள். ஒரே சட்டையில் ஐவரும் இருந்தால் யாருடையது அதிகம் விற்றது என்ற கேள்வியே எழாது. படத்தின் உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள். இத்தனை சட்டை, இத்தனை மாதம் என்று அனுமதி மட்டும் கொடுங்கள். அச்சு முடிந்ததும் ஃபிலிம்கள் யாரிடம் இருக்கும் என்பதையும் தாளில் எழுதுங்கள். 2015இல் ரைம் என்ற கிராஃபிட்டிக் கலைஞர், தன் சுவரோவியம் கேட்காமலே ஆடையில் வந்துவிட்டதென்று மொஸ்கினோ என்ற ஆடை நிறுவனத்தின்மீது வழக்குப் போட வேண்டியிருந்தது. நண்பர்களுக்குள் தாள் எதற்கு என்று கூச்சப்படாதீர்கள்.

உங்கள் மாதிரியில் அந்த மூன்றாம் எழுத்தின் வால் மிக நன்றாக இருக்கிறது. கணினியாலும் அதைக் கெடுக்க முடியவில்லை. அந்த ஒரு எழுத்தை மட்டும் ஃபிலிமில் ஸ்ப்ரே அடித்து, ஒரு சட்டையில் அச்சிட்டு, ஐந்து முறை துவைத்தபின் படம் அனுப்புங்கள்.