நூறாண்டு வெள்ளமும் இரண்டு கிரெடிட் பாடமும்

அன்புள்ள ஐயா,

பொறியியல் கல்லூரி ஒன்றில் சிவில் துறையில் பன்னிரண்டு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். அடுத்த பருவத்தில் ‘நிலைத்தன்மையும் காலநிலைத் தகவமைப்பும்’ என்று இரண்டு கிரெடிட்டில் ஒரு புதுப் பாடம் வருகிறது. அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். சிலபஸில் முதல் அலகு பசுங்குடில் விளைவு, அடுத்தது சர்வதேச ஒப்பந்தங்கள், அப்புறம் ஐ.நா.வின் பதினேழு வளர்ச்சி இலக்குகள், கடைசியில் மரம் நடுவது மாதிரி ஒரு செயல்திட்டம். சக ஆசிரியர்கள் இதை ‘ரெஸ்ட் பீரியட்’ என்று கிண்டல் செய்கிறார்கள். ஆராய்ச்சிப் பக்கம் பார்த்தால் எல்லோரும் தங்கள் பழைய தலைப்புக்கு முன்னால் ‘காலநிலை’ என்ற சொல்லை ஒட்டிக்கொண்டு நிதி கேட்கிறார்கள். பல்கலைக்கழகங்களில் தகவமைப்பு, அதாவது மாறும் காலநிலைக்கு ஏற்ப நம்மை மாற்றிக்கொள்வது, வெறும் அலங்காரமாக இருக்கிறது என்று போன மாதம் நீங்கள் எழுதியிருந்தீர்கள். சரி, அலங்காரம் இல்லாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஒரு சிவில் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்த வரியைப் போகிறபோக்கில் எழுதிவிட்டேன், இப்போது மாட்டிக்கொண்டேன். நான் வகுப்பெடுத்தவன் இல்லை. வடிகால் வடிவமைப்பில் காலம் தள்ளியவன், நடுவில் சில வருடம் மாணவர் புராஜெக்ட்களுக்கு வெளித்தேர்வாளனாகப் போய் வந்தவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சிலபஸின் முதல் இரண்டு அலகையும் ஒரே வாரத்தில் முடித்துவிடுங்கள். கரியமில வாயு நிரப்பிய குழாய் வெயிலில் மற்றவற்றைவிட அதிகமாகச் சூடாகிறது என்று அமெரிக்கப் பெண் விஞ்ஞானி யூனிஸ் ஃபுட் 1856இல் எழுதிவிட்டார், அந்த வாயு இரட்டித்தால் பூமி எவ்வளவு சூடாகும் என்று ஸ்வீடன் விஞ்ஞானி அர்ரீனியஸ் 1896இல் கையாலேயே கணக்குப் போட்டுவிட்டார். கதையாகச் சொன்னால் ஒரு மணி நேரம் போதும். ஒப்பந்தங்களுக்கு ஒரு பக்க நோட்ஸ். மிச்ச நேரம் முழுவதையும், உங்கள் துறையே எந்த நம்பிக்கையின் மேல் உட்கார்ந்திருக்கிறதோ அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டிருக்கிறது என்பதைக் காட்டச் செலவழியுங்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். பாலம், மதகு, வடிகால் எதைக் கட்டினாலும் பழைய மழைப் பதிவை எடுத்து, அதிலிருந்து ‘நூறாண்டு வெள்ளம்’ என்று ஓர் அளவைக் கணக்கிட்டு, அதற்குத் தாங்குகிற மாதிரி கட்டுவோம். நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் என்று பெயர் நினைக்க வைக்கிறது, உண்மையில் எந்த வருடத்திலும் வர நூற்றில் ஒரு வாய்ப்பு என்றுதான் அர்த்தம். வீட்டுக்கடன் அடைக்கும் முப்பது வருடத்துக்குள் ஒரு தடவையாவது அது வந்துவிட 26 சதவீத வாய்ப்பு உண்டு. மாணவர்களைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், பாதிப் பேர் நம்பமாட்டார்கள். அடுத்ததாக, அதே வெள்ளம் இப்போது ஐம்பதாண்டு வெள்ளமாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு திரும்பப் போடச் சொல்லுங்கள். 45 வரும்.

இந்தக் கணக்கு முழுக்க, நேற்றைய மழையும் நாளைய மழையும் ஒரே பையிலிருந்து எடுத்த சீட்டுகள் என்று நம்புகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி சுமார் 7 சதவீதம் கூடுகிறது, அப்படியென்றால் பையே மாறிக்கொண்டிருக்கிறது. இந்த அனுமானம் செத்துவிட்டது என்று தலைப்பிலேயே அறிவித்து 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. இல்லை, அவ்வளவு சீக்கிரம் பாடை கட்டாதீர்கள் என்று மறுத்து எழுதிய நீரியல்காரர்களும் உண்டு. இரண்டு தரப்பையும் வகுப்பில் மோதவிடுங்கள். இந்த அனுமானத்தை நான் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. பதிவேட்டில் முப்பது வருட மழை இருந்தது, எடுத்தேன், போட்டேன், கையெழுத்து வைத்தேன். அப்படிப் போட்ட ஒரு வடிகால் பிற்பாடு அடிக்கடி நிரம்பி வழிந்தது. அடைப்பு என்று சொல்லிவிட்டோம், அடைப்பும் கொஞ்சம் இருந்தது.

கணக்கைச் சரிசெய்துவிட்டால் போதும், கரையை இன்னும் ஒரு மீட்டர் உயர்த்திவிடலாம் என்று மாணவர்கள் சொல்வார்கள். நான் தேர்வாளனாகப் போன எல்லா வருடமும் சொன்னார்கள். அப்போது அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் வைட்டைக் கூப்பிடுங்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் செய்த முனைவர் ஆய்வு 1945இல் வெளியானது. வெள்ளம் கடவுள் செயலாக இருக்கலாம், வெள்ளச் சேதம் பெரும்பாலும் மனிதர் செயல் என்பது அவர் வாதம். கரை கட்டுகிறோம், கரை இருக்கிற தைரியத்தில் அதன் பின்னால் வீடுகள் வருகின்றன, ஒருநாள் கரையைத் தாண்டி வரும்போது முன்னைவிடப் பெரிய நஷ்டம். தகவமைப்பு என்ற சொல் நாகரிகமாவதற்கு வெகுகாலம் முன்பே இது எழுதப்பட்டுவிட்டது, அதுவும் ஒரு பட்டத்துக்கான ஆய்வேடாக. முனைவர் பட்டம் வாங்கியவர்கள் கொஞ்சம் பொறாமைப்படலாம்.

ஆனால் நான் ஒரு பாடத்துக்குத்தான் நேரம் தருவேன் என்றால் அது வங்கதேசம். 1970 புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேர் செத்தார்கள். 1972இல் புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, தன்னார்வலர்களை ஊர் ஊராகப் பழக்கினார்கள். அப்படியும் 1991 புயலில் ஏறக்குறைய 1,40,000 பேர் போனார்கள், அதில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம். ஏன் என்று கேளுங்கள். கான்கிரீட் தரத்தில் பதில் கிடைக்காது. புகலிடங்கள் போதவில்லை என்பது ஒரு பக்கம். இருந்த இடத்திலும் பெண்களுக்குத் தனி இடம் கிடையாது, கழிப்பறை கிடையாது, வீட்டு ஆண்கள் வந்து சொல்லாமல் கிளம்ப முடியாது, மாட்டை விட்டுவிட்டு வர யாருக்கும் மனம் வராது. பின்னால் கட்டிய பல புகலிடங்களில் பெண்களுக்குத் தனி அறையும் கால்நடைக்கு இடமும் வைத்தார்கள், எச்சரிக்கையும் மேம்பட்டது, 2007 சிட்ர் புயலில் சாவு சுமார் 3,400. மாட்டுக்கு ஒரு சாய்தளம் என்பது உங்கள் துறையின் வரைபடத்தில் வர வேண்டிய கோடுதானே? அந்தக் கோடு வர வேண்டும் என்று தெரிந்துகொள்ள, வரைவதற்கு முன்னால் ஊருக்குள் போய்ப் பேசியிருக்க வேண்டும். சிவில் மாணவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது யார்? நான் வெளித்தேர்வாளனாக உட்கார்ந்த ஒரு புராஜெக்டில் கடல்சுவர் வடிவமைப்பு அற்புதமாக இருந்தது, அலைக் கணக்கில் ஒரு தப்பு இல்லை. படகு எந்தப் பக்கமாகக் கரையேறும் என்று கேட்டேன். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மார்க் போட்டுவிட்டுத்தான் வந்தேன், வேறென்ன செய்ய.

நெதர்லாந்தையும் ஒரு வகுப்பில் காட்டலாம், பெரும்பாலோர் காட்டுவது போலக் கடலைத் தடுக்கும் பெரிய கதவுகளை அல்ல. 1995இல் ஆறுகள் ஏறி இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றிய பிறகு, நைமேகன் நகருக்கு அருகே கரையை உயர்த்துவதற்குப் பதில் 350 மீட்டர் உள்ளே தள்ளிவைத்து ஆற்றுக்கு இடம் விட்டார்களே, அதைக் காட்டுங்கள். கரை தள்ளிப்போன இடத்தில் ஐம்பது குடும்பங்கள் வீட்டை விட்டார்கள். அவர்கள் பக்கம் நின்று பேச நாலு மாணவர்களை நியமியுங்கள்.

ஆராய்ச்சி பற்றிச் சுருக்கமாக. தலைப்பில் ‘காலநிலை’ ஒட்டுவதைப் பற்றி எனக்குப் பெரிய கோபம் இல்லை, நிதி அங்கே இருந்தால் ஆளும் அங்கே போவார். உள்ளே கேள்வி மாறியிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். ஈரக்குமிழ் வெப்பநிலை (சூட்டோடு காற்றின் ஈரத்தையும் சேர்த்துச் சொல்லும் அளவு) 35 டிகிரிதான் மனித உடம்பின் எல்லை என்று 2010இலிருந்து கோட்பாட்டுக் கணக்கை வைத்துச் சொல்லிவந்தோம். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் உடலியல்காரர்கள் இளவயது ஆரோக்கியமானவர்களைச் சூடான அறைக்குள் லேசாக வேலை செய்யவைத்து அளந்து, புழுக்கமான சூழலில் கிட்டத்தட்ட 31லேயே உடம்பு திணற ஆரம்பிக்கிறது என்று 2022இல் எழுதினார்கள். பெரிய கணினி மாடல் எதுவும் இல்லை, ஓர் அறை, ஒரு வெப்பமானி, ஒரு நேரடிக் கேள்வி. ஏற்கெனவே கட்டிய மதகும் கரையும் பத்து வருடம் கழித்து உண்மையில் என்ன செய்கின்றன என்று போய் அளப்பவர்கள் குறைவு. உங்களுக்கு அங்கே வேலை இருக்கிறது.

மரம் நடுவதை எடுத்துவிடாதீர்கள், மேலே இருப்பவர்களுக்குப் புகைப்படம் வேண்டும். கூடவே முதல் வகுப்பிலேயே ஒன்று செய்யுங்கள். உங்கள் வளாகத்தின் மழைநீர் வடிகால் எந்த வருடத்து மழைப் பதிவை வைத்துப் போடப்பட்டது என்று கண்டுபிடித்துவரச் சொல்லி மாணவர்களை அனுப்புங்கள். எஸ்டேட் அலுவலகத்தில் வரைபடம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். இருந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.