சிறிய கார் கேள்வி பதில்: டயரில் தொடங்கி நியூட்ரலில் நின்றது

இருபத்திரண்டு வருடமாகச் சிறிய கார்களோடுதான் என் பிழைப்பு. முன்சக்கரம் இழுக்கும் பெட்ரோல் ஹேட்ச்பேக் என்றால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். மின்சார கார், டீசல் வண்டி எல்லாம் வேறு ஆட்களின் துறை.

கேள்வி: அண்ணா, என் காரில் 185/65 ஆர்15 டயர். அதே ரிம்மில் 205/65 போட்டால் வண்டி கம்பீரமாக நிற்கும் என்கிறார்கள். போடலாமா?

வேண்டாம் தம்பி. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன், இதைத் தெரிந்துகொண்டால் டயர் கடையில் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 185இல் 65 சதவீதம் 120 மி.மீ. மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 240. ரிம் 381. மொத்த விட்டம் 621 மி.மீ.

இப்போது 205/65க்குப் போடுங்கள். பக்கச்சுவர் 133 ஆகிறது, மொத்தம் 647. 26 மி.மீ. கூடிவிட்டது, அதாவது 4 சதவீதம். முன்பு 100 கி.மீ. வேகம் தந்த அதே சக்கரச் சுற்றுக்கு இனி 104. மீட்டருக்கு இது தெரியாது. எல்லாக் கியரும் கொஞ்சம் நீண்டதுபோல் ஆகிவிடும், ஏற்றத்தில் இழுவை குறையும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள் மட்கார்டில் உரசவும் கூடும்.

மாற்றியே தீரவேண்டும் என்றால் 195/55 ஆர்16 பாருங்கள். விட்டம் அதே 621தான் வருகிறது. ஆனால் பக்கச்சுவர் 107 மி.மீ.க்கு இறங்கிவிடும். பள்ளத்தில் விழுந்தால் அடி ரிம்முக்கு. டயர் எவ்வளவு எடை தாங்கும் என்று காட்டும் பாரக் குறியீட்டு எண் பழைய டயரைவிடக் குறையவே கூடாது. என்னைக் கேட்டால், கம்பெனி அளவிலேயே நல்ல டயர் வாங்குங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. அதைப் பார்க்காமல் பில் போட விடாதீர்கள்.

கேள்வி: டயரில் எவ்வளவு காற்று வைப்பது?

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் உள்ள எண். வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது.

கேள்வி: பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. ஆனாலும் பிரேக் ஆயில் மாற்றவேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். தேவையா?

உங்கள் மெக்கானிக் சரியாகச் சொல்கிறார். ஆயில் என்று பேர்தானே தவிர, நம் கார்களில் பெரும்பாலும் ஊற்றும் டாட் 3, டாட் 4 இரண்டும் எண்ணெய் வகை அல்ல. காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் திரவம். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு வந்துவிடுகிறது. ஊருக்குள் ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரியாது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் பேடை அழுத்தும் கேலிப்பருக்குள் திரவம் கொதித்து ஆவியாகும். ஆவியை அழுத்தினால் சுருங்கும், பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. கம்பெனிகள் பலவும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

வீட்டிலேயே செய்கிறேன் என்பவர்களுக்கு ஒன்று: ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். ஸ்டாண்டு வைத்துவிட்டுத்தான்.

கேள்வி: இறக்கம் என்றதும் நினைவு வந்தது. நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்று அப்பா சொல்வார். சரியா?

அப்பா கார்புரேட்டர் காலத்தில் ஓட்டியிருப்பார். அன்றைக்கு அதில் நியாயம் இருந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் எஞ்சின் உறிஞ்சும் வேகத்தில் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். இன்ஜெக்‌ஷன் வந்தபின் கதை மாறிவிட்டது. கியரில் இருக்க, காலை எடுத்தால், சக்கரம்தான் எஞ்சினைச் சுழற்றுகிறது என்று கணினிக்குத் தெரியும். பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரை மூடிவிடும். செலவு பூஜ்யம். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் தானாகச் சுற்றவேண்டும், அதற்கு அது குடித்துத்தான் ஆகவேண்டும். சின்ன எஞ்சினே ஐடிலில் மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும்.

கேள்வி: ஸ்பிரிங்கை ஒரு சுற்று வெட்டி வண்டியை இறக்கலாமா? ஸ்பிரிங் செட் வாங்க வசதியில்லை.

வசதி வரும்வரை காத்திருங்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் விறைப்பாகும், ஆனால் ஷாக் அப்சார்பர் பழைய ஸ்பிரிங்குக்கு அளந்தது. வெட்டிய முனை தட்டில் சரியாக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் நகர்ந்துவிடும். கேஸ் வைத்து வெட்டியிருந்தால் சூட்டில் எஃகின் பதமே போயிருக்கும். வெட்டிய ஸ்பிரிங் உடைந்து டயரைக் கிழித்த வண்டி ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. ஓட்டியவர் பிழைத்தது மெதுவாகப் போனதால்தான்.

இதையும் வீட்டில் செய்ய நினைப்பவர்களுக்கு: அழுத்திய ஸ்பிரிங் ஆளைக் கொல்லும். ஜாக்கி பற்றிச் சொன்னதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: ஹெட்லைட் வெளிச்சம் போதவில்லை. 100/90 பல்பு மாட்டலாமா?

எச்4 வகை பல்பு 60/55 வாட், அதாவது ஹைபீமுக்கு 60, லோபீமுக்கு 55. 60 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். 100 வாட் என்றால் 8.3. வயரில் ஏறும் சூடு ஆம்பியரின் வர்க்கத்தில் போகும், அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. ரிலேயும் தடித்த வயரும் இல்லாமல் மாட்டினால் முதலில் உருகுவது பல்பு சாக்கெட். அதற்கு முன் மங்கிய கண்ணாடியை பாலிஷ் செய்து பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும். எதிரே வருபவர் கண் கூசினால் உங்களுக்கும்தான் ஆபத்து.

கேள்வி: நியூட்ரல் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்கமாட்டேன். 15 வருடமாக அப்படித்தான் இறங்குகிறேன். கியரில் விட்டால் வண்டி பிடித்து இழுக்கிறது, நியூட்ரலில் நீண்ட தூரம் உருளுகிறது. மைலேஜ் கண்கூடாகத் தெரிகிறது.

நீங்கள் சொல்வதில் பாதி உண்மை. சரிவு மிக லேசாக இருந்தால், கியரில் விட்ட வண்டி வேகம் குறைந்து, நீங்கள் மறுபடி ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டிவரும். அந்த இடத்தில் நியூட்ரல் கொஞ்சம் மிச்சம் பிடிக்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மலை இறக்கத்தில் வண்டியின் வேகத்தை அடக்கி வைக்கத்தானே நாம் பாடுபடுகிறோம்? அங்கே எஞ்சின் பிடித்து இழுப்பது உங்களுக்கு உதவி. அதைக் கழற்றிவிட்டால் அத்தனை வேகத்தையும் நான்கு பிரேக் மட்டும் விழுங்கவேண்டும். மேலே 155 டிகிரி என்று எழுதினேனே, அது அங்கேதான் வரும். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொன்னது அனுபவித்துச் சொன்னது.

கேள்வி: சார், டயர் பிரஷர் எவ்வளவு?

மேலே சொல்லியாயிற்று. கதவுத் தூண்.

கேள்வி: டயரின் பக்கவாட்டிலேயே பிரஷர் போட்டிருக்கிறதே, அதை வைத்தால்?

அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் காருக்கானது அல்ல. ஓடிச் சூடானபின் கூடியிருக்கிறது என்று காற்றை இறக்கவும் வேண்டாம், ஸ்டிக்கர் எண் குளிர்ந்த டயருக்கு. தயவுசெய்து காற்றுக் கேள்வி இதோடு போதும்.

கேள்வி: கையேட்டில் 0டபிள்யூ-20 எஞ்சின் ஆயில். நண்பர் 20டபிள்யூ-50 ஊற்றினால் எஞ்சின் சத்தம் குறையும் என்கிறார்.

சத்தம் குறையலாம், உள்ளே தேய்மானம் கூடலாம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும் அந்த முதல் நொடிகளில் 20டபிள்யூ-50 போன்ற கெட்டி ஆயில் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் வரை போய்ச் சேரத் தாமதமாகும். வால்வு நேரத்தை மாற்றும் பொறி ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது, அதன் துளைகள் மெல்லிய ஆயிலுக்கு அளந்தவை. கையேட்டில் மாற்று அளவுகள் கொடுத்திருந்தால் அதற்குள் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: சிவிடி கியர்பாக்ஸ் ஆயில் எந்த பிராண்ட் நல்லது?

சிவிடியை, அதாவது படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்கை, நான் பிரித்து வேலை பார்த்ததில்லை. அதைப் பிரித்தவரிடம் கேளுங்கள். பிராண்டைவிடக் கையேட்டில் உள்ள திரவக் குறியீடு முக்கியம் என்பது மட்டும் உறுதி.

கேள்வி: திறந்த ஏர் ஃபில்டர் மாட்டினால் பவர் கூடுமா?

சத்தம் கூடும். பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுத்தால் பவர் குறையவும் செய்யும்.

கேள்வி: நியூட்ரல் விவாதத்தைப் படித்தேன். அப்படியானால் எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்கினால் பெட்ரோல் செலவே இல்லையே?

கியரில் இறங்கினாலும் செலவு இல்லை என்றுதானே இவ்வளவு நேரம் சொன்னேன். எஞ்சினை அணைத்தால் பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும். சாவியை உருவினால் பல கார்களில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பெடலை மிதிக்கும் காலுக்கு உதவும் பிரேக் பூஸ்டர் எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடத்தில் வேலை செய்வது. சேர்த்து வைத்திருப்பது இரண்டு மூன்று மிதிக்குத்தான், அப்புறம் பெடல் கல்லாகிவிடும்.

நம்பிக்கை இல்லையென்றால் சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கைபிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு நான்கைந்து முறை பிரேக்கை மிதித்துப் பாருங்கள். கால் இறங்க மறுக்கும். காலை எடுக்காமல் அப்படியே வண்டியைக் கிளப்புங்கள், பெடல் கொஞ்சம் கீழே அமுங்கவேண்டும். அமுங்கவில்லை என்றால் பூஸ்டரிலோ அதன் குழாயிலோ கோளாறு. அந்த வண்டியை நாளைக் காலையிலேயே பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.